பாபநாசத்து மின்சாரமும் ஓமின் விதியும்

பொதியமலையினின்று இழிந்து வரும் தாமிரபரணி, சமவெளியை அடையுமுன் பாபநாசத்தில் பாறைகளின்மீது வீழ்கின்றது. அவ்வருவியில் நீராடியோர் எண்ணிறந்தோர். அதன் அழகைப் பாடியோரும் பலர். ஆயின், அதன் வலிமையை அளந்து பயன்கொண்டோர் சிலரே. 1880-களில் ஹார்வி சகோதரர் அவ்விடத்தில் நூற்பாலை நிறுவியபொழுது, கதிர்களைச் சுழற்றும் ஆற்றலை வீழ்நீரினின்றே பெற்றனர். நீரின் வலிமை வேண்டுமாயின் ஆலை நீரண்டையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அக்காலத்து நிலைமை. பைக்காராவில் 1932-லும் மேட்டூரில் 1937-லும் நீர்மின் நிலையங்கள் எழுந்தபின், 1944-ஆம் ஆண்டில் பாபநாசத்திலும் மின்சார உற்பத்தி தொடங்கிற்று. அன்று முதல் ஆறு தன் இடத்தில் இருக்க, அதன் வலிமை மாத்திரம் கம்பியின் வழியே நெடுந்தொலைவு செல்லலாயிற்று.

அவ்வலிமையை அளக்கும் முறை மிகவும் எளியது. மின்னழுத்தம், மின்னோட்டம் என்னும் இரண்டையும் அறிந்தால், மின்தடை, மின்திறன் என்னும் மற்றை இரண்டையும் ஒரு வகுத்தலாலும் ஒரு பெருக்கலாலும் பெறலாம். ஆயினும் இவ்வெளிய கணக்கிலேயே மாணாக்கர் பலர் இடறுகின்றனர். வகுக்கத் தெரியாமையால் அன்று. எவ்விரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட அழுத்தத்தை வகுக்கின்றோம் என்று கேளாமையால் இடறுகின்றனர். அக்கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

சொற்களைக் குறித்து ஒரு வார்த்தை. தமிழ் பயிலும் மாணவன் விஞ்ஞானம் எழுதப் புகுவது மிகையென்று சிலர் கருதலாம். கலைச்சொற்களைத் தமிழில் தொகுத்து 1938-இல் நூலாக வெளியிட்ட சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் திருநெல்வேலியில் இருந்து பணியாற்றியது என்பதனை நினைந்தால், இவ்வாற்றங்கரையார்க்கு அம்முயற்சி புதியதன்று என்பது விளங்கும். அழுத்தம், ஓட்டம், தடை, திறன் என்னும் நான்கும் நம் உழவர் நாவிலும் வழங்கும் சொற்களே. அளவைப் பெயர்களாகிய வோல்ட், ஆம்பியர், ஓம், வாட் என்பன மட்டும் அறிஞர் பெயர்களினின்று பிறந்தமையின் அவ்வாறே நிற்கின்றன. பெயர்களை மொழிபெயர்த்தல் எவர்க்கும் வழக்கமன்று.

முதலில் நீரை நோக்குவோம். நீர் செய்யும் வேலை இரண்டு அளவுகளைப் பொறுத்தது: எவ்வளவு நீர் வருகின்றது, எவ்வளவு உயரத்தினின்று வீழ்கின்றது. வினாடிக்கு ஒரு கனமீட்டர் நீர் 100 மீட்டர் வீழுமாயின், இழப்பு யாதும் இல்லையெனக் கொண்டால் 980 கிலோவாட் திறன் கிடைக்கும். நீரை இருமடங்காக்கி உயரத்தைப் பாதியாக்கினாலும் அத்திறனே கிடைக்கும். உயரத்தையும் பெருக்கையும் பெருக்கிவரும் தொகையே பொருள்; ஒன்றை மட்டும் கூறுதல் பாதிக் கணக்கேயாம். பங்குனி மாதத்தில் உயரம் குறைவதில்லை, நீர் குறைகின்றது. ஆதலின் பொறிகள் ஓய்கின்றன.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. பாபநாசம் அணையின் முழுக்கொள்ளளவு 143 அடி என்பதைச் செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிவர். இவ்வடி எங்கிருந்து எண்ணப்படுவது? அணையின் அடித்தளத்திலிருந்து; கடல்மட்டத்திலிருந்தன்று, மின்பொறி நிற்கும் இடத்திலிருந்தும் அன்று. மின்பொறியைச் சுழற்றும் உயரம், குழாயின் மேல்வாய்க்கும் பொறிக்கும் இடையே உள்ளதேயாம். 143 என்னும் எண்ணை எடுத்து மின்நிலையத்தின் திறனைக் கணிக்கப் புகுவோன் தவறான விடையையே பெறுவான். எண் சரியானதே, இடங்கள் தவறானவை.

மின்னழுத்தமும் அத்தகையது. ஒரு கம்பியில் 230 வோல்ட் உள்ளது என்று நாம் வழக்காகச் சொல்லுகின்றோம். உண்மையில் தனித்த ஓரிடத்திற்கு அழுத்தம் என்பது இல்லை. அக்கம்பிக்கும் மற்றொரு கம்பிக்கும், அல்லது அக்கம்பிக்கும் நிலத்திற்கும் இடையே உள்ள வேறுபாடே 230 வோல்ட். அவ்வேறுபாட்டினால் வினாடிதோறும் செல்லும் மின்பெருக்கு ஓட்டம். அதனை ஆம்பியரால் அளக்கின்றோம். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் திறன். அது வாட்டில் வரும். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை. அது ஓமில் வரும்.

இவ்வகுத்தலுக்குத் தன் பெயரை ஈந்த ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தவர். அக்காலத்து மின்கலங்கள் நிலையான அழுத்தம் தருவன அல்ல, அளந்துகொண்டிருக்கும்பொழுதே தளர்ந்துவிடும். ஆதலின் அவர் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அவ்வெப்ப வேறுபாட்டினால் தோன்றும் சிறிய, ஆயின் அசையாத அழுத்தத்தைக் கொண்டு கம்பிகளை ஆராய்ந்தார். 1827-இல் அவர் நூல் வெளிவந்தபொழுது தாய்நாட்டில் அதனை மதித்தோர் சிலரே. 1841-இல் இலண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி மியூனிக் நகரில் 1852-இல் கிட்டிற்று. இரண்டாண்டில் அவர் காலமானார். நல்ல கருவி இல்லையென்று வருந்தும் மாணாக்கர் அக்கொதிநீரையும் பனிக்கட்டியையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இனிக் கணக்கு. 230 வோல்ட்டிற்கு உரியதாய், 60 வாட் எனப் பொறிக்கப்பெற்ற பழைய இழை விளக்கு ஒன்றைக் கொள்வோம். திறனை அழுத்தத்தால் வகுக்க, ஓட்டம் 0.26 ஆம்பியர். அழுத்தத்தை அவ்வோட்டத்தால் வகுக்க, தடை ஏறத்தாழ 882 ஓம். விடை சரியே. ஆயினும் அவ்விளக்கை மின்சாரத்தினின்று நீக்கி, குளிர்ந்தபின் ஓம்மானியால் அளந்து பாருங்கள். 882-இல் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. கருவி பொய் கூறவில்லை. டங்ஸ்டன் இழை ஒளிரும்பொழுது இரண்டாயிரம் பாகைக்கு மேற்பட்ட வெம்மை அடைகின்றது. வெம்மை ஏற ஏற அதன் தடையும் ஏறுகின்றது. குளிர்ந்த நிலையில் தடை 65 ஓம் எனக் கொண்டால், விசையை அழுத்தும் அக்கணத்தில் ஓட்டம் 3.5 ஆம்பியர், நொடிப்பொழுதில் அது 0.26-ஆகத் தாழ்கின்றது. பழைய விளக்குகள் எரிந்துகொண்டிருக்கையில் போவதினும் ஏற்றும்பொழுதே மிகுதியாய்ப் போனமைக்குக் காரணம் இதுவே. ஓமின் விதி வெம்மை மாறாத உலோகத்திற்கு உரியது என்னும் அடைமொழியைப் பாடநூல்கள் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. பெரிய எழுத்தில் அச்சிடத்தக்கது அதுவே என்பது என் கருத்து. இக்காலத்து எல்.இ.டி. விளக்கிலோ, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து வரும் எண்ணைத் தடையென்று அழைப்பதே பொருந்தாது.

1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றுக்கு அவ்வாறே கணித்தால் ஓட்டம் 4.35 ஆம்பியர், தடை 53 ஓம். இங்கே மாணாக்கர் மருள்கின்றனர். திறன் மிக்க பெட்டிக்குத் தடை குறைவாகவும், திறன் குறைந்த விளக்குக்குத் தடை மிகுதியாகவும் உள்ளது. ஆயின், ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்கினால் திறன் வரும் என்று ஜூல் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் கண்டறிந்த விதி, தடை மிகின் வெப்பமும் மிகும் என்று கூறுவதுபோல் தோன்றுகின்றது. எது மெய்? இரண்டும் மெய்யே. வீட்டிலுள்ள பொருள்கள் யாவும் ஒரே அழுத்தத்தின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே அழுத்தம் மாறாதது, ஆதலின் தடை குறையத் திறன் மிகும். ஒரே ஓட்டம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருள்களின் ஊடே செல்லுமிடத்து ஓட்டம் மாறாதது. அங்கே தடை மிகத் திறன் மிகும். எது மாறாது நிற்கின்றது என்று கண்டபின்பே சூத்திரத்தைத் தொடுதல் வேண்டும்.

இம்மயக்கம் பெரிதாக விளைவது நெடுந்தொலைவுக் கம்பியின் கணக்கில். பாபநாசத்தின் பொறி ஒன்று தொடக்கத்தில் 7000 கிலோவாட் திறனுடையதாய் அமைந்தது. இன்று நான்கு பொறிகளும் தலைக்கு 8000 கிலோவாட்டாக 32,000 கிலோவாட் திறனுடையன. பழைய 7000 கிலோவாட்டையே கணக்கிற்குக் கொள்வோம். உண்மையில் மூன்று கம்பிகளில் மாறுதிசை ஓட்டமாக அது செல்லுகின்றது. எளிமை கருதி இரண்டு கம்பிகள் என்றும், போக வர இரண்டிற்கும் தடை 10 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம்.

11,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 636 ஆம்பியர். அதன் வர்க்கத்தைப் பத்தாற் பெருக்க, கம்பியைச் சுடவைப்பதிலேயே 4,045 கிலோவாட் கழிகின்றது. மழை பொழிந்து, மலை சுரந்து, அணை தேக்கிய நீரிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு, வழியில் அமரும் காக்கையின் காலுக்குச் சூடு கொடுக்கவே பயன்படும்! அழுத்தத்தை ஆறு மடங்காக்கி 66,000 வோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 106 ஆம்பியர். இழப்பு 112 கிலோவாட். ஓட்டம் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. இழப்போ முப்பத்தாறில் ஒரு பங்காயிற்று. வீட்டுக்குரிய 230 வோல்ட்டிலேயே அனுப்பத் துணிந்தால் 30,000 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அவ்வோட்டத்தைப் பத்து ஓமினூடே செலுத்த மூன்று இலட்சம் வோல்ட் வேண்டும்; நம்மிடம் உள்ளதோ 230. இயலாத காரியம் என்று கணக்கே கூறிவிடுகின்றது. உயர்ந்த கோபுரங்களும் நீண்ட பீங்கான் சரங்களும் எதற்கென்று வினவுவார்க்கு இவ்வொரு வர்க்கமே விடை.

இவ்விடத்திற்றான் கூரிய மாணாக்கன் ஒருவன் எழுந்து தடை கூறுவான்: "அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தாலும் திறன் வரும் என்றீரே. 66,000-ஐ வர்க்கித்துப் பத்தால் வகுத்தால் இழப்பு 4,35,600 கிலோவாட் ஆகின்றது. அழுத்தத்தை ஏற்றினால் இழப்பும் ஏறுமன்றோ?" பொறி உண்டாக்குவதே 7000, இழப்பு அதனினும் அறுபது மடங்கு! விடை நகைப்புக்கு இடமாயினும் கேள்வி நகைக்கத்தக்கதன்று. சூத்திரத்தை மனப்பாடம் செய்த எவருக்கும் தோன்றக்கூடியதே. 66,000 வோல்ட் என்பது போகும் கம்பிக்கும் வரும் கம்பிக்கும் இடையே உள்ள வேறுபாடு. பத்து ஓம் என்பதோ கம்பியின் இத்தலைக்கும் அத்தலைக்கும் இடையே உள்ள தடை. அவ்விரு தலைகளுக்கு இடையே உள்ள அழுத்தம், 106-ஐப் பத்தாற் பெருக்கிவரும் 1,060 வோல்ட் மாத்திரமே. அதனை வர்க்கித்துப் பத்தால் வகுத்துப் பாருங்கள். அதே 112 கிலோவாட் வரும். அழுத்தமும் தடையும் ஒரே இரண்டு இடங்களுக்கு இடைப்பட்டனவாக இருந்தாலன்றி, அவற்றை ஒரு கணக்கில் சேர்த்தல் ஆகாது. அணையின் 143 அடியைக் கொண்டு மின்பொறியைக் கணித்தவன் செய்த பிழையும் இதுவேயாம்.

கம்பியில் இறங்கும் அழுத்தத்தைப் பாடநூலில் அன்றி நேரிற் காண விரும்புவோர், ஊரின் கடைக்கோடியிலுள்ள வயலுக்குச் செல்லுக. டிரான்ஸ்பார்மரின் அருகே 230 வோல்ட் உள்ளது. அங்கிருந்து வயல்வரை மெல்லிய கம்பி. போக வர அதன் தடை 1.5 ஓம் எனவும், ஓட்டம் 20 ஆம்பியர் எனவும் கொண்டால், வழியில் 30 வோல்ட் இறங்கிவிடும். கடைக்கோடியில் 200 வோல்ட்டே நிற்கும். கம்பியில் வீணாவது 600 வாட். பத்துப் பழைய விளக்குகளுக்கு உரிய திறன். 60 வாட் விளக்கு அங்கே ஏறத்தாழ 45 வாட்டளவே கொள்ளும்; அதன் ஒளியோ அவ்விகிதத்தினும் மிகுதியாகக் குன்றும்.

விளக்கு மங்கினால் கண்ணுக்கே குறை. பம்பு மோட்டார் அவ்வாறு பொறுத்துக்கொள்வதில்லை. மோட்டாரின் சுருளை ஓம்மானியால் அளந்தால் இரண்டு ஓம் எனக் காட்டலாம். 230-ஐ இரண்டால் வகுத்து 115 ஆம்பியர் ஓடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. சுழலும் மோட்டார் தன்னுள்ளே எதிரழுத்தம் ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. வரும் அழுத்தத்தின் பெரும்பங்கை அது தாங்கிக்கொள்ள, மிஞ்சியதே ஓட்டத்தைச் செலுத்துவது. அழுத்தம் குறைந்து மோட்டார் தளர்ந்தாலோ, சேறு அடைத்துச் சுழலாது நின்றாலோ எதிரழுத்தம் மறைகின்றது. ஓட்டம் பன்மடங்காகப் பெருகுகின்றது. ஓட்டத்தின் வர்க்கத்திற்கேற்பச் சுருள் கொதித்துக் கருகுகின்றது. "காயில் போய்விட்டது" என்று உழவர் தலையிற் கைவைத்துக் கூறுவது இதனையே. கார் நெல் கதிர் வாங்கும் வாரத்தில் அவ்வார்த்தை கேட்ட வீட்டில் அன்றிரவு அடுப்பெரிவது அரிது. எதிரழுத்தம் உண்டென்று அறியாது வகுத்தவனுக்கு 115 ஆம்பியர் ஒரு பிழையான விடை. மோட்டார் நின்றுவிட்ட பொழுதோ, அப்பிழையான விடையே மெய்யாக நெருங்கி வருகின்றது.

மாறுதிசை ஓட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. மோட்டாரில் அழுத்தமும் ஓட்டமும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. ஆதலின் 230 வோல்ட்டையும் 5 ஆம்பியரையும் பெருக்கி 1,150 வாட் என்று எழுதினால், வாட்மானி 920 வாட்டே காட்டக்கூடும். அவ்விகிதமாகிய 0.8-ஐத் திறன் காரணி என்பர். விளக்கிற்கும் அடுப்பிற்கும் அது ஏறத்தாழ ஒன்று; ஆதலின் அங்கே கவலையில்லை.

கம்பியில் அமரும் பறவைக்கு மீண்டும் வருவோம். மின்கம்பியின்மேல் மீன்கொத்தி அச்சமின்றி அமர்ந்திருப்பதை ஆற்றங்கரையெங்கும் காண்கின்றோம். அதன் உடலின் தடை மிகுதி என்பார் சிலர், அது காரணமன்று. அதன் இரு கால்களுக்கு இடையே உள்ள கம்பி ஐந்து சென்டிமீட்டர். கிலோமீட்டருக்கு 0.3 ஓம் தடையுள்ள கம்பியில் 106 ஆம்பியர் ஓடினாலும், அச்சிறு நீளத்தில் இறங்கும் அழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்கும் ஆகாது. பறவையை வருத்துவதற்கு அதுபோதாது. நீண்ட தோகையும் அகன்ற சிறகும் உடைய மயிலோ, ஒரு கம்பியில் நின்று மற்றொன்றையும் தீண்டிவிடுகின்றது. கம்பி அதே கம்பி, தீண்டிய இடங்கள் இரண்டாயின, மயில் வீழ்கின்றது.

மனிதன் நிலத்தில் நிற்பவன். ஆதலின் அவன் தீண்டும் ஒன்று எப்பொழுதும் ஆயத்தமாகவே உள்ளது. அதுவே அவன் காலடி மண். உலர்ந்த கையும் செருப்பணிந்த காலும் உடையவனுக்குத் தடை 50,000 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் ஓட்டம் ஆயிரத்தில் ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. அவன் உதறிக்கொண்டு விலகுவான். நீர் பாய்ச்சிவிட்டு ஈரக்கையோடும் வெறுங்காலோடும் வந்து மோட்டார்ப் பெட்டியைத் தொடுபவனுக்குத் தடை 1,000 ஓமளவே இருக்கலாம், ஓட்டம் 0.23 ஆம்பியர். வீடுகளிற் பொருத்தும் கசிவுத் துண்டிப்பான் 0.03 ஆம்பியரிலேயே மின்சாரத்தை அறுத்துவிடுமாறு அமைக்கப்பெற்றுள்ளது. அதற்கு மேற்பட்ட ஓட்டம் இதயத்தைக் குலைக்க வல்லது என்பதனாலேயே. 60 வாட் விளக்கொன்றை எரிக்கும் 0.26 ஆம்பியரும் ஓருயிரைப் போக்கும் 0.23 ஆம்பியரும் ஏறத்தாழ ஒன்றே என்பதனை நான் முதன்முதற் கணித்தபொழுது, எழுதுகோலை வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

மோட்டார்ப் பெட்டியின் இரும்புக் கூட்டை ஒரு கம்பியால் நிலத்தோடு இணைத்தல் இதன் பொருட்டே. உள்ளே காப்பு அழிந்து மின்சாரம் கூட்டிற் கசிந்தால், மண் வழியின் முழுத் தடை 5 ஓமாக இருப்பின் 46 ஆம்பியர் பாயும். 16 ஆம்பியர்ப் பியூஸ் உடனே உருகி அறுந்துவிடும். பின்பு தொடுவோனுக்குத் தீங்கில்லை. மண்ணிணைப்புக் குழி சித்திரை வெயிலில் காய்ந்து அத்தடை 100 ஓமாக ஏறியிருந்தாலோ, பாய்வது 2.3 ஆம்பியர். பியூஸ் அதனைப் பொருட்படுத்தாது. கசிவு தொடர்ந்து நிற்க, கூட்டிற்கும் காலடி மண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 230 வோல்ட் முழுவதும் காத்திருக்கும். மோட்டாரும் வழக்கம்போல் ஓடிக்கொண்டேயிருக்கும். பியூஸ் அடிக்கடி போகின்றதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்போர், 5 ஓம் உள்ள நல்ல குழியின் பயனையும் இழக்கின்றனர். தடித்த கம்பி 46 ஆம்பியரையும் தாங்கி நின்றுவிடும். மண்ணிணைப்புக் குழியில் கரியும் உப்பும் இட்டு வைத்தலும், கோடையில் அக்குழியில் இரண்டு குடம் நீர் ஊற்றுதலும், அந்த 100 ஓமை 5-ஐ நோக்கி இறக்குவதற்கேயாம்.